எண் மாறினால் திசை மாறும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்க உறுப்பினர்கள் எடுத்த குறும்படம் திரையிடப்பட்டது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்யும் இரவில், மகன் வருவான் என்று வீட்டுக்குள் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாயின் கதை அது. அன்று மண்டபத்தில் ஆறு ஒலிபெருக்கிகளை நிறுவிக் கம்பி இணைத்தவன் நான். படம் முடிந்தது; கைதட்டலும் எழுந்தது. நானும் என் பங்கைச் சரியாகச் செய்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

அப்போது வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் அண்ணன் ஒருவர் என் தோளைத் தொட்டார். அவர் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். "தம்பி, அந்த அம்மா வீட்டுக்குள்தானே உட்கார்ந்திருக்கிறாள்? அவள் குரல் ஏன் தெருப்பக்கத்துச் சன்னலிலிருந்து வந்தது? அவள் வெளியே நின்று பேசுகிறாள் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணுள்ள நாங்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கிருந்தோம். திரையில் தாயின் உதடு அசைவதைக் கண்டதும், குரலும் அங்கிருந்தே வருவதாக எங்கள் மனம் தானே சரிசெய்துகொண்டது. காதை மட்டுமே நம்பிப் படம் பார்த்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கதையே மாறிப்போய்விட்டது. அன்றிரவே கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கம்பியில் பழுதில்லை, பெட்டியில் பழுதில்லை. பிழை எண்ணில் இருந்தது. அந்தப் பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயருக்குள் இருக்கும் கணக்கு

நமக்குக் காது இரண்டுதான். ஆயினும் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் எளிதில் அறிகிறோம். வலப்பக்கத்தில் ஒருவர் கைதட்டினால் அவ்வோசை வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியைச் சற்றுப் பின்னர் அடைகிறது. இந்தக் காலவேறுபாடு மிகுந்துபோனால் ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டதில் முக்கால் கூறுக்கும் குறைவு. தலை இடையில் நின்று மறைப்பதால் ஓசையின் வலிவும் இரு செவிகளிலும் வேறுபடும். இவ்விரு வேறுபாடுகளையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. பல ஒலிபெருக்கிகளை நம்மைச் சுற்றி வைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு திறமையை நம்பியே வளர்ந்தது.

1931ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன், இரு வழிகளில் ஒலியைப் பதிந்து திசையுணர்வை உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், ஃபிலடெல்ஃபியா நகரில் வாசிக்கப்பட்ட இசையை மூன்று தனித்தனிக் கம்பிவழிகளில் வாஷிங்டன் நகருக்கு அனுப்பி, அங்கே இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகளில் கேட்கச் செய்தனர். நடுவில் ஒன்று எதற்கு? இடமும் வலமும் ஒரே அளவில் ஒலித்தால் ஓசை நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஆனால் சரியாக நடுவில் அமர்ந்தவருக்கு மட்டுமே அப்படித் தோன்றும். ஓர் ஓரத்தில் அமர்ந்தவருக்கு அருகிலுள்ள பெட்டியே முந்திக்கொள்ளும். நடுவில் உண்மையாகவே ஒரு பெட்டி இருந்தால் எந்த இருக்கையிலிருந்து கேட்டாலும் பேச்சு திரையின் நடுவிலேயே நிற்கும். திரைப்படத்தில் உரையாடல் பெரும்பாலும் இந்த நடுவழியில் வைக்கப்படுவதன் காரணம் இதுவே.

இந்த மூன்றுடன் இடச்சுற்று, வலச்சுற்று என இரண்டு சேர்ந்தால் ஐந்து. பிறகு வருவதுதான் அந்தப் புள்ளி ஒன்று. "ஐந்து புள்ளி ஒன்று" என்று கடைகளில் கேட்கும்போது, ஒலிபெருக்கியில் ஏது பின்னம் என்று என் தந்தையார் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. இது பின்னம் அன்று; ஐந்து முழுவழிகளும் ஒரு குறைவழியும் என்று பொருள். ஆறாவது வழி, இடி, வெடி, நிலநடுக்கம் போன்ற மிகத் தாழ்ந்த ஓசைகளுக்கு மட்டுமே உரியது. மற்றவை விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை ஏந்தும்போது, இது ஏறத்தாழ 120 அதிர்வுகளோடு நின்றுவிடும். 1987இல் திரைப்படத்துக்கான டிஜிட்டல் ஒலி பற்றிய கலந்தாய்வில் டாம்லின்சன் ஹோல்மன் என்னும் அமெரிக்கர் இப்பெயரை முன்வைத்தார். கண்டிப்பான கணக்குப் பார்த்தால் 120ஐ 20,000ஆல் வகுக்க 0.006தான் வரும். "ஐந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறு" என்று கடையில் போய்க் கேட்க யாருக்கு நாக்கு வளையும்? ஆகவே ஒன்று என்று வைத்தார்கள்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்வோம். தாழ்ஒலி வழி என்பது வேறு, கடையில் சப்வூஃபர் என்று கேட்டு வாங்கும் பெட்டி வேறு. முன்னது பதிவில் உள்ள வழி. பின்னது மண்டபத்தில் உள்ள பொருள். மற்ற ஐந்து பெட்டிகளும் சிறியவையாக இருந்தால் அவற்றின் தாழ்ந்த ஓசைகளையும் திருப்பி இப்பெட்டிக்கே அனுப்புவதுண்டு. இப்பெட்டி எங்கிருந்தாலும் பெரிய குற்றமில்லை. விநாடிக்கு 50 அதிர்வு கொண்ட ஓசையின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு நம் தலை ஒரு தடையாகத் தெரிவதில்லை. ஆதலால் அதன் திசையும் நமக்கு எளிதில் புலப்படாது.

ஒரே ஆறு, மூன்று வரிசை

ஆறு வழிகள் உள்ளன. அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட வேண்டும். இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதே சிக்கல். சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதி வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து வரும் கடிதத்தில் எந்த எண் என்று குறிக்காமல் விட்டால் தபால்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். ஒலிபெருக்கியின் கதையும் அதுவே. ஆனால் இங்கே எண்வரிசை இரண்டோடு நிற்கவில்லை.

திரைப்பட ஒலிக்கலவைக் கூடங்களில் வழங்கும் ஒரு வரிசை: இடம், நடு, வலம், இடச்சுற்று, வலச்சுற்று, தாழ்ஒலி. திரைக்குப் பின்னால் பெட்டிகள் நிற்கும் ஒழுங்கே இது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று.

கணினியின் வேவ் கோப்புகளில் உள்ள வரிசை: இடம், வலம், நடு, தாழ்ஒலி, இடச்சுற்று, வலச்சுற்று. இதற்கும் காரணம் உண்டு. இரண்டே வழிகள் இருந்த காலத்தில் ஒன்று இடம், இரண்டு வலம் என்பது நிலைத்துவிட்டது. பின்னர் வந்தவர்கள் அந்தப் பழைய இரண்டையும் அசைக்காமல் புதியவற்றைப் பின்னே சேர்த்தார்கள்.

ஏ.ஏ.சி. என்னும் சுருக்கக் கோப்பு முறையில் நடு முதலில் வரும், பிறகு இடம், வலம், பிறகு இடச்சுற்று, வலச்சுற்று, இறுதியில் தாழ்ஒலி. தனித்து நிற்பதை முதலில் வைத்து, இணைகளை இணைகளாகவே சேர்த்துச் சுருக்குவது அம்முறையின் இயல்பு.

மூன்று வரிசைகளும் அவரவர் தொழிலுக்கு ஏற்றவையே. ஒன்றின் எண்ணை எடுத்துக்கொண்டு இன்னொன்றின் வீட்டுக்குப் போகும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

நம் குறும்படத்தின் ஒலி, கலவைக் கூடத்திலிருந்து ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட ஆறு தனிக் கோப்புகளாக வந்தது. அவை திரைப்பட வரிசையில் அமைந்தவை. எண்ணைப் பார்த்தேன்; பெயரைக் கேட்கவில்லை. ஒன்றை ஒன்றிலும், இரண்டை இரண்டிலும் வைத்துக் கணினியில் ஏற்றினேன். கணினியோ வேவ் வரிசையில் பெட்டிகளுக்கு அனுப்பியது. விளைவு என்ன என்று அன்பர்களே ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்.

முதல் வழி இடம். அது இடப்பெட்டிக்கே போயிற்று. இரண்டாவது வழி நடு, அதாவது தாயின் குரல். அது வலப்பெட்டிக்குப் போயிற்று. வலத்துக்குரிய மூன்றாவது வழி நடுப்பெட்டிக்கு வந்தது. இடச்சுற்றுக்குரிய நான்காவது வழி தாழ்ஒலிப் பெட்டிக்குள் விழுந்தது. தாழ்ந்த ஓசை தவிர மற்றதை அப்பெட்டி வெளிவிடாது. ஆகவே இடப்பக்கத்து மழை நின்றுபோயிற்று. ஐந்தாவதான வலச்சுற்று இடச்சுற்றில் ஒலித்தது. ஆறாவது வழியில் இருந்த இடி வலச்சுற்றின் சிறு பெட்டிக்குப் போய்த் தகரத்தைத் தட்டுவதுபோல் அதிர்ந்தது. ஆறில் சரியாகப் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் மெல்லிய இசை வந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

எட்டு வந்தபோது

பின்னாலும் இரு பெட்டிகள் சேர்த்து "ஏழு புள்ளி ஒன்று" என்று எட்டு வழிகள் ஆனபோது குழப்பம் மேலும் வளர்ந்தது. பக்கச்சுவர்ப் பெட்டிகளை முதலில் எண்ணுவதா, பின்சுவர்ப் பெட்டிகளை முதலில் எண்ணுவதா? வேவ் கோப்பு வரிசையில் ஐந்தும் ஆறும் பின்சுவருக்கு, ஏழும் எட்டும் பக்கச்சுவருக்கு. வேறு பல இடங்களில் இதற்கு நேர்மாறு. ஆறு வழிகளில் பழகியவர் எட்டுக்கு வரும்போது ஐந்தும் ஆறும் தம் பக்கத்திலிருந்து நழுவி முதுகுக்குப் பின்னால் போய்விடுவதைக் காண்பார்.

இதைத் தவிர்க்கவே வேவ் கோப்பின் தலைப்பகுதியில் ஓர் அடையாள எண் சேர்க்க வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு: முன்இடம் 1, முன்வலம் 2, நடு 4, தாழ்ஒலி 8, பின்இடம் 16, பின்வலம் 32, பக்கஇடம் 512, பக்கவலம் 1024. ஒன்றுக்கொன்று இரட்டித்துச் செல்லும் எண்களாகையால் எவற்றைக் கூட்டினாலும் வரும் தொகை ஒரே ஒரு சேர்க்கையைத்தான் குறிக்கும். தொகை 63 என்றால் சுற்றொலிப் பெட்டிகள் பின்னால் உள்ளன. 1551 என்றால் பக்கத்தில் உள்ளன. எட்டும் இருந்தால் 1599. கூட்டிப் பார்த்தால் விளங்கும். கோப்பு தன் முகவரியைத் தானே சுமந்து செல்லும் ஏற்பாடு இது. நான் தனித்தனியாக ஏற்றிய ஆறு கோப்புகளில் இந்த முகவரி இல்லை. இருந்திருந்தால் கணினியே என்னைத் திருத்தியிருக்கும்.

எண்ணை விட்டுக் கோணத்துக்கு

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. கேட்பவர் வட்டத்தின் மையத்தில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். நடுப்பெட்டி அவருக்கு நேர் எதிரே, சுழியம் பாகையில். இடமும் வலமும் அதிலிருந்து 30 பாகை விலகி இரு புறமும்; அவ்விரண்டும் கேட்பவரும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். சுற்றொலிப் பெட்டிகள் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னே. ஐந்தும் ஒரே தொலைவில் இருப்பது நலம். முடியாவிட்டால் அருகில் உள்ளதைச் சற்றுத் தாமதிக்கச் செய்யலாம். 20 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்வதால், ஒரு மீட்டர் குறைவுக்கு 2.9 மில்லிவிநாடி தாமதம் என்று கணக்கு.

பின்னர் கூரையிலும் பெட்டிகள் ஏறின. "5.1.2", "7.1.4" என்ற எழுத்துக்களில் மூன்றாவது எண் தலைக்கு மேலே உள்ளவற்றைக் குறிக்கும். ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. வகுத்த 22.2 முறையில் மேலடுக்கில் 9, நடுவடுக்கில் 10, கீழடுக்கில் 3, இவற்றுடன் இரண்டு தாழ்ஒலி வழிகள், ஆக 24. இருபத்து நான்கு பெட்டிகளுக்கு வெறும் எண்ணிட்டு யாரால் நினைவில் வைக்க முடியும்?

ஆகவே 2014இல் அவ்வொன்றியம் வெளியிட்ட இன்னொரு பரிந்துரையில் பெட்டியின் பெயரிலேயே அதன் இடத்தை எழுதிவிட்டார்கள். "எம்+030" என்றால் நடுவடுக்கில், இடப்பக்கம் 30 பாகையில் உள்ள பெட்டி. "எம்-110" என்றால் அதே அடுக்கில் வலப்பக்கம் 110 பாகை. "யூ" என்று தொடங்கினால் மேலடுக்கு. "பி" என்று தொடங்கினால் கீழடுக்கு. இடப்பக்கத்துக்குக் கூட்டல் குறி ஏன் என்று கேட்கலாம். கணிதத்தில் கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழல்வதே கூட்டல் கோணம் என்பதைப் பள்ளியில் படித்தவர் நாம். முன்னோக்கி அமர்ந்தவருக்கு அச்சுழற்சி இடப்பக்கமாகவே செல்லும். இப்பெயரைப் படித்தவர் ஒரு கோணமானியும் கயிறும் கொண்டு எந்த மண்டபத்திலும் பெட்டியை வைத்துவிடலாம். எத்தனையாவது பெட்டி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

2012இல் வந்த டால்பி அட்மாஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதில் பல ஓசைகள் எந்தப் பெட்டிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஒரு பறவையின் ஒலியோடு அது நிற்கும் இடத்தின் அளவுகளும் சேர்ந்தே வரும். எந்தப் பெட்டி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைக் கொட்டகையில் உள்ள கருவி அங்கேயே கணக்கிட்டுக்கொள்ளும். ஆயினும் அக்கருவியிடம் "இந்தக் கம்பி அந்தப் பெட்டிக்குப் போகிறது" என்று முதலில் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் பறவையும் தவறான மரத்தில்தான் கூவும்.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்தில் ஆண்டுதோறும் புதியவர்கள் பொறுப்பேற்பதால், என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

முதலாவது, இடம் வலம் யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாடகத்தார் இடம் என்பது மேடையில் நின்று மக்களை நோக்கும் நடிகரின் இடம். படத்தார் இடம் என்பது திரையை நோக்கி அமர்ந்தவரின் இடம். நம் மண்டபத்தில் இரண்டும் நடப்பதால் இரு சாராரும் கலந்து வேலை செய்வதுண்டு. "தெருப்பக்கம்", "தோட்டப்பக்கம்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் சண்டை இராது.

இரண்டாவது, கம்பியின் இரு முனைகளிலும் பெயர் எழுத வேண்டும். எண் மட்டும் போதாது. பல பெருக்கிகளின் பின்புறத்தில் நிறங்களும் உண்டு: இடம் வெள்ளை, வலம் சிவப்பு, நடு பச்சை, தாழ்ஒலி ஊதா, இடச்சுற்று நீலம், வலச்சுற்று சாம்பல். அந்த நிறத்தில் நூல் கட்டிவிட்டால் இருட்டில் கைவிளக்கைக் கொண்டும் கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, வெளியிலிருந்து ஒலிக்கோப்பு வாங்கும்போது வரிசையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "ஒன்று முதல் ஆறு" என்பது விடையாகாது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. படம் போடுமுன் ஒவ்வொரு வழியிலும் ஒரு குரலை ஓடவிட்டு அது எங்கே கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென இப்போது நம் சங்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது. நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்கொரு வழியில் "நான் இடம்", "நான் நடு", "நான் வலச்சுற்று" என்று பேசியிருக்கிறார்கள். தாழ்ஒலி வழியில் பேச்சு விளங்காது என்பதால் அதில் மட்டும் மத்தளத்தின் அடி. முழுவதும் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு அதே குறும்படத்தை மறுபடியும் திரையிட்டோம். படத்துக்கு முன் அந்தப் பதிவை ஓடவிட்டு, அந்த அண்ணனை மண்டபத்தின் நடுவில் அமர்த்தினேன். குரல் வந்த திசையை அவர் கையால் சுட்டச் சுட்ட, நான் தாளில் குறித்தேன். வலச்சுற்றும் இடச்சுற்றும் மறுபடி மாறியிருந்தன. பெயர் எழுதியும் ஒரு கம்பியை மாற்றிச் செருகிவிட்டேன். அதைச் சரிசெய்த பிறகே விளக்கை அணைத்தோம்.

படம் முடிந்ததும் அவரிடம் போய், "அம்மா எங்கே இருந்தாள் அண்ணா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்தான்" என்றார். "ஆனால் மழை என் முதுகில் இரண்டு பக்கமும் பெய்தது. போன வருடம் ஒரு பக்கம்தான் நனைந்தேன்."

அடுத்த ஆண்டு நான் இங்கு இருக்க மாட்டேன். கம்பிகளும் நூல்களும் ஆறு குரல்களும் சங்க அறையின் மரப்பெட்டியில் இருக்கின்றன. எடுத்து நடத்த வருபவர், படம் தொடங்குமுன் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.